டூயல் பூட்: 48 எண்களைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் நாகர்கோவில் பக்கம் "விண்டோஸும் இருக்கட்டும், உபுண்டுவும் போட்டுத் தாங்க" என்று வருபவர்கள் கூடிவிட்டார்கள். உபுண்டு என்பது லினக்ஸ் வகை இயங்குதளம்; இப்படி ஒரே கம்ப்யூட்டரில் இரண்டையும் வைப்பதுதான் டூயல் பூட். பாதிப் பேர் வீட்டிலேயே முயன்று, சிக்கிய பிறகு வருகிறார்கள். பேக்கப் எடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் எடுக்கமாட்டார்கள்.

மீட்புச் சாவி இல்லாமல் பயாஸில் கைவைப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. குளச்சலில் இருந்து ஒரு பையன், இன்ஜினியரிங் படிப்பவன். லேப்டாப் மஸ்கட்டில் வேலை பார்க்கும் அண்ணன் கொண்டுவந்தது. ஏதோ வீடியோவில் சொன்னார்கள் என்று முதல் வேலையாக பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்ஸில், 'செக்யூர் பூட்' என்ற காவலை (கையொப்பமில்லாத நிரலைத் தொடங்க விடாதது) அணைத்திருக்கிறான். மறுபடி ஆன் செய்ததும் நீலத் திரை: டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைக் கொடு என்கிறது.

"ஹோம் எடிஷன்ல பிட்லாக்கரே கிடையாதே அண்ணே" என்றான். அந்தப் பெயரில் கிடையாது, சரி. ஆனால் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் அதே பூட்டு ஹோமிலும் உண்டு. புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தாலே பல நேரம் அது தானாக இயங்கிவிடும். சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். இங்கே கணக்கு அண்ணனுடையது. அண்ணன் நைட் ஷிஃப்டில், போன் எடுக்கவில்லை. விடியும்வரை பொறுக்க முடியாமல் தம்பி ஒரு கடைக்குக் கொண்டுபோக, அவர்கள் "ஃபார்மட்தான் வழி" என்று அடித்துக் கொடுத்துவிட்டார்கள். புராஜெக்ட், அக்கா கல்யாண போட்டோ எல்லாம் போச்சு. அதற்கு அப்புறம்தான் என்னிடம் வந்தான்.

அணைத்த செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்திருந்தாலே போதும். டிஸ்க்கின் பூட்டைத் திறக்கும் சாவி லேப்டாப்பிலேயே இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பில் இருக்கிறது. பூட் ஆகும் நிலை முன்பு இருந்ததுபோல் இருந்தால்தான் அது சாவியை விடும். பயாஸைப் பழையபடி மாற்றினால், பெரும்பாலும் ஒன்றும் கேட்காமல் விண்டோஸ் திறந்துவிடும். இன்னொன்று, உபுண்டு போட செக்யூர் பூட்டை அணைக்கவே வேண்டாம். அது முறையாகக் கையொப்பமிட்ட பூட்லோடரோடுதான் (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரல்) வருகிறது.

ஆகவே முதலில் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' போய் என்கிரிப்ஷன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், எந்தக் கணக்கில் சாவி இருக்கிறது என்று கண்டுபிடித்து, சாவியையும் அதன் ஐடியையும் காகிதத்தில் எழுதுங்கள். ஒரே கணக்கில் நாலைந்து சாவி கிடந்தால், நீலத் திரையில் தெரியும் ஐடியை வைத்துத்தான் சரியானதை எடுக்க முடியும். அதே லேப்டாப்பில் நோட்பேடில் சேமித்துவிட்டு வருகிற புத்திசாலிகளும் உண்டு. பிறகு என்கிரிப்ஷனை நிறுத்தி, அது முழுதாக அவிழும்வரை காத்திருங்கள். எல்லாம் முடிந்ததும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

மழை நாளில் பார்ட்டிஷன்

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனிச் சாரலிலும் கரண்ட் போகும், ஐப்பசியிலும் போகும். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் அன்றைக்கு உபுண்டுவுக்கு இடம் ஒதுக்க விண்டோஸ் பார்ட்டிஷனை (டிஸ்க்கில் அதற்கான பகுதி) சுருக்காதீர்கள். சுருக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே செய்யுங்கள்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்

அணையுங்கள். அது இருக்கும்வரை ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். உபுண்டுவில் சி டிரைவில் எழுத விடாது.

கடிகாரம்

உபுண்டுவில் இருந்துவிட்டு விண்டோஸ் வந்தால் நேரம் ஐந்தரை மணி பின்னால் நிற்கும். மதர்போர்டு கடிகாரத்தை உபுண்டு உலக நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் வருவது இது. ஏதாவது ஒரு பக்கம் மட்டும் சரிசெய்யுங்கள். இரண்டிலும் மாற்றினால் மறுபடி குழப்பம்தான்.

உபுண்டு வேண்டாம் என்று அழிப்பது

முதலில் பயாஸின் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டுவந்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். உபுண்டு பார்ட்டிஷனை அழிப்பது அதற்கு அப்புறம். முந்திக்கொண்டால் கருப்புத் திரையில் உபுண்டுவின் பூட்லோடரான 'கிரப்' மட்டும் நிற்கும்.