கேக் அடித்த கை பிரவுனியைக் கெடுக்கும் இடங்கள்

மட்டக்களப்புப் பக்கம் கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று எங்கே பார்த்தாலும் வீட்டில் பிரவுனி செய்து விற்கிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் நன்றாகக் கேக் அடிக்கத் தெரிந்தவர்கள். நத்தாருக்கும் வருஷத்துக்கும் பிறந்தநாளுக்கும் பட்டர் கேக்கும் றிபன் கேக்கும் அடித்துப் பழகிய கை. பிரவுனி பிழைத்துப் போவதும் பல நேரம் அந்தப் பழக்கத்தால்தான். பட்டரையும் சீனியையும் வெள்ளையாக வரும்வரை அடிப்பது, பேக்கிங் பவுடர் போடுவது, குத்திய ஈர்க்கு சுத்தமாக வரும்வரை வேகவிடுவது எல்லாம் கேக்குக்குச் சரி. பிரவுனியில் இந்த மூன்றுமே பிழை.

பேச ஒரு அளவு வேண்டும். எட்டு அங்குலச் சதுரத் தட்டு ஒன்றுக்கு: பட்டர் 115 கிராம், டார்க் சொக்லேட் 115 கிராம், சீனி 200 கிராம், முட்டை இரண்டு, கோதுமை மா 65 கிராம், கொக்கோ பவுடர் 25 கிராம், வெனிலா ஒரு தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. பட்டரையும் சொக்லேட்டையும் உருக்கி ஆறவிட வேண்டும். முட்டையையும் சீனியையும் தனியாக அடித்து, அதில் ஆறிய சொக்லேட்டை ஊற்றி, கடைசியில் மாவையும் கொக்கோவையும் அரித்துப் போட்டு மெல்லக் கலந்தால் வேலை முடிந்தது. ஓவன் 175 பாகை செல்சியஸ், நேரம் 22 முதல் 26 நிமிடம்.

பட்டர் கேக்கில் பட்டர், சீனி, மா மூன்றும் கிட்டத்தட்ட சரிசமம். மேலே உள்ள அளவில் மாவைப் போலப் பட்டர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, சீனி மூன்று மடங்கு. உள்ளே அல்வாப் பதமாக நிற்பதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். ஆகவே “கலவை தண்ணியாக் கிடக்கு” என்று இன்னும் இரண்டு கரண்டி மாவைப் போட்டால் கதை முடிந்தது, கிடைப்பது வறண்ட சொக்லேட் கேக். கப் அளவும் இதே வேலையைச் செய்யும். செய்முறைகளில் வரும் கப் 240 மில்லிலீற்றர் அளவு. வீட்டுத் தேநீர்க் கோப்பை அது இல்லை. சரியான கப்பே இருந்தாலும் மாவை அள்ளி அமுக்கினால் 150 கிராம்கூட ஏறும், கரண்டியால் தூவி நிரப்பினால் 120 கிராம்தான் வரும். ஒரு டிஜிட்டல் தராசு வாங்கிவிட்டால் இந்தத் தலையிடி இல்லை.

செல்ஃப் ரைசிங் மாவும் வேண்டாம். அதற்குள் பேக்கிங் பவுடர் இருக்கிறது. மா போட்ட பிறகு எக் பீட்டரை எடுத்து மூலையில் வைத்துவிடுங்கள். வெள்ளை மா கண்ணுக்குத் தெரியாத நிலை வந்ததும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் கலக்கக் கலக்க மாவிலுள்ள புரதம் இழுபட்டு, வெட்டும்போது பாண் மாதிரி இழுக்கும்.

சீனியைக் குறைக்கிற ஆசை

நம் வீடுகளில் சீனி வருத்தம் இல்லாத குடும்பம் குறைவு. அதனால் 200 கிராம் என்று பார்த்தவுடனே கை தானாக 120க்கு இறங்கும். கவலை நியாயமானது. ஆனால் பிரவுனியில் சீனி இனிப்புக்கு மட்டும் இல்லை. ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பது அது. மேலே காகிதம் போல மெல்லிசாக, பளபளப்பாக வெடித்து நிற்கிற தோலும் அதனால்தான் வருகிறது. கொஞ்சம் குறைக்கலாம், 170 கிராம் வரை தாங்கும். அதற்குக் கீழே போனால் தோலும் வராது, அடுத்த நாள் வறண்டுபோகும். தித்திப்பு அதிகம் என்றால் 60 அல்லது 70 சதவீதக் கொக்கோ உள்ள சொக்லேட்டை எடுங்கள், உப்பை மறக்காதீர்கள், துண்டைச் சின்னதாக வெட்டுங்கள். இரண்டு அங்குலத் துண்டுக்குப் பதில் ஒன்றரை அங்குலத் துண்டு கொடுத்தால் யாரும் கோபிக்கப் போவதில்லை.

அந்தப் பளபளப்புத் தோல் வராததற்கு இன்னொரு காரணம், சீனி கரையாமல் இருப்பது. கடைச் சீனி பருமணி. கொழுப்பில் அது கரையவே கரையாது, சீனி கரைவதற்கு நீர் வேண்டும், அந்த நீர் பெரும்பாலும் முட்டையில்தான் இருக்கிறது. அதனால் சீனியைக் கிரைண்டரில் ஒரு சுற்றுச் சுற்றி, முட்டையோடு சேர்த்து, வெளுத்துத் தடிப்பாகி நாடாவாக விழும்வரை அடிக்க வேண்டும். ஐந்து நிமிடம் பிடிக்கும். பிரவுனியில் பீட்டருக்கு வேலை உள்ள ஒரே இடம் இது. அரைக்கிற சோம்பலில் ஐசிங் சீனியைப் போடுகிறவர்களும் உண்டு. அதில் சோளமா கலந்திருக்கும், போடாதீர்கள்.

சிவப்புச் சீனி விஷயத்தில் ஒரு குழப்பம். வெளிநாட்டுச் செய்முறைகளில் வருகிற பிரவுன் சுகர் ஈரமாக, பிடித்தால் உருண்டையாக நிற்கும். ஹிங்குராணை ஆலை அம்பாறை மாவட்டத்திலேயே இருக்கிறபடியால் நமக்குச் சிவப்புச் சீனிக்குப் பஞ்சமில்லை, ஆனால் கடையில் கிடைப்பது உலர்ந்த மணிச் சீனி. அதே நிறைக்குப் போடலாம், அரைத்துப் போட வேண்டும். ஒரு தேக்கரண்டி கித்துள் பாணி சேர்த்தால் அந்த ஈரத்துக்குக் கொஞ்சம் கிட்ட வரும்.

சொக்லேட்டும் வியர்வையும்

கொக்கோ பவுடருக்குப் பதிலாக மைலோ போடலாமா என்று எப்போதும் யாராவது கேட்பார்கள். மைலோவில் மோல்ட், பால்மா, சீனி எல்லாம் இருக்கின்றன, கொக்கோ கொஞ்சம்தான். குடிக்க நல்லது. டிரிங்கிங் சொக்லேட்டும் அப்படியே. இனிப்புச் சேர்க்காத கொக்கோ வேண்டும்.

கட்டிச் சொக்லேட்டில் விலை குறைந்தது கொம்பவுண்ட். அதில் கொக்கோ பட்டருக்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. அலங்காரத்துக்கு அது நல்லது, சூட்டைத் தாங்கும். கலவைக்குள் போட்டால் நாக்கில் மெழுகு போலப் படியும். ஆகவே உள்ளுக்கு நல்லது, மேலுக்கு மலிவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். பட்டரிலும் காசு மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம். பட்டரில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு. பாண் பூசுகிற டப்பா மாஜரின்கள் பலவற்றில் அதைவிடக் குறைவு, மிச்சம் தண்ணீர். பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

இந்த ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இங்கே சொக்லேட்டைப் பிரிட்ஜுக்கு வெளியே வைக்க முடியாது. பிரிட்ஜிலிருந்து எடுத்து உடனே உறையைப் பிரித்தால், கடலோரக் காற்றின் ஈரம் முழுவதும் அதன்மேல் முத்து முத்தாகப் படியும். அதை அப்படியே உருக்கினால் சொக்லேட் மணல்மணலாகக் கட்டிபட்டுவிடும். உருகிய சொக்லேட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், கெடுத்துவிட. உறையோடேயே அரை மணி நேரம் வெளியே வைத்து, குளிர் போன பிறகு பிரியுங்கள். கொதிநீருக்கு மேல் உருக்கும்போது மூடி போடாதீர்கள், மூடியில் படிந்த ஆவி உள்ளே சொட்டும். பட்டரையும் சேர்த்தே உருக்கினால் ஆபத்து குறைவு.

உருகியது நன்றாக ஆற வேண்டும். சித்திரை, வைகாசியில் நம் குசினிகளில் அது லேசில் ஆறாது. பொறுமையில்லாமல் சூட்டோடு முட்டையில் ஊற்றினால் முட்டை அவிந்து நூல் நூலாகிவிடும். விரல் வைத்தால் சுடாத இளஞ்சூடு போதும். முட்டை பிரிட்ஜிலிருந்து நேரே வந்தாலும் சரிப்படாது, அந்தக் குளிரில் சொக்லேட் இறுகிவிடும்.

ஓவனுக்குள்

பலரிடம் இருப்பது மேசையில் வைக்கிற சின்ன ஓவன். மேல் கம்பி தட்டுக்கு மிகக் கிட்ட இருக்கும், அதனால் மேல் கருகி நடு பச்சையாக நிற்கும். தட்டைக் கீழ்த் தட்டில் வையுங்கள். பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு மேல் நிறம் வேகமாக ஏறினால் அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள். ஓவனின் குமிழில் 175 என்று இருப்பதை நம்ப வேண்டாம், சின்ன ஓவன்கள் இருபது பாகை கூடக் குறையக் காட்டும். உள்ளே தொங்கவிடுகிற வெப்பமானி ஒன்று வாங்கிப் பாருங்கள். செய்முறையில் 350 என்று இருந்தால் அது பரனைட். அதைச் செல்சியஸ் என்று நினைத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கண்ணாடித் தட்டு மெதுவாகச் சூடேறி, வெளியே எடுத்த பிறகும் சூட்டை விடாது. ஓரம் கல்லாகும். மங்கல் நிற அலுமினியத் தட்டுத்தான் நல்லது, இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒயில் பேப்பர் போட்டால் முழுசாகத் தூக்கி எடுக்கலாம்.

இனி ஈர்க்கு. பிரவுனியை மிக அதிகம் கெடுப்பது எது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். வீட்டில் ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, “நடு இன்னும் வேகல்ல மகள், திரும்ப உள்ளுக்க வைங்க” என்பார். கேட்காதீர்கள். ஓரத்திலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே குத்தினால் ஈரமான சில துகள்கள் ஒட்டி வர வேண்டும். ஓடுகிற கலவை ஒட்டினால் இன்னும் மூன்று நிமிடம். சுத்தமாக வந்தால் நேரம் கடந்துவிட்டது. தட்டை அசைத்துப் பாருங்கள்: ஓரம் நின்று நடு மட்டும் மெல்ல ஆடினால் எடுக்கிற நேரம். தட்டின் சூட்டிலேயே மிச்சம் வேகும். பச்சை முட்டைப் பயம் இருப்பவர்கள் வெப்பமானி குத்திப் பார்க்கலாம், நடுவில் 85 பாகையைத் தாண்டியிருந்தால் முட்டை வெந்துவிட்டது.

கரண்ட் நின்றால்? கதவைத் திறக்காதீர்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் வெந்த தட்டு என்றால் உள்ளிருக்கும் சூடே பெரும்பாலும் ஒப்பேற்றிவிடும்.

கஜு, தயிர், கருப்பட்டி

சுவை மாற்றுவதில் பொதுவான பிழை, எல்லாவற்றையும் ஒரே தட்டில் போடுவது. இரண்டு போதும், ஒன்று மணத்துக்கு, ஒன்று கடிக்க.

கஜுவில் ஒரு நுணுக்கம். கலவைக்குள் இருப்பது 100 பாகையைத் தொடாது, அதனால் பச்சைக் கஜுவை உள்ளே போட்டால் அவிந்த கஜுதான் கிடைக்கும், வறுபடாது. உள்ளே போடுவதை முதலே வறுத்துக்கொள்ள வேண்டும். மேலே தூவுவதை வறுக்கக் கூடாது, ஓவனே வறுக்கும், வறுத்ததைத் தூவினால் கருகும். உள்ளுக்கு உடைந்த கஜு போதும், முழுப் பருப்புக்குக் காசு கொட்ட வேண்டாம். கச்சானும் அருமையாகப் பொருந்தும், உப்புக் கச்சான் என்றால் இன்னும் நல்லது. மாமாங்கத் திருவிழாக் கச்சான் மிச்சமிருந்தால் தோலை நீக்கி அரிதட்டில் நன்றாகப் புடையுங்கள். மணலில் வறுத்தது, ஒரு மணல் பல்லில் பட்டால் முழுத் தட்டும் வீண்.

கிரீம் சீஸ் விலைக்கு, நம்மிடம் இருக்கிற எருமைத் தயிர் எத்தனையோ மேல். ஆனால் சட்டியிலிருந்து அள்ளி அப்படியே ஊற்றினால் தண்ணீர் பிரிந்து நடு கூழாகும். துணியில் கட்டிப் பிரிட்ஜுக்குள் ஓர் இரவு தொங்கவிட வேண்டும். வடிந்த தயிர் 200 கிராமுக்குச் சீனி மூன்று மேசைக்கரண்டி, ஒரு மஞ்சட்கரு, மா ஒரு மேசைக்கரண்டி. கலவையின் மேல் அங்கங்கே இட்டுக் கத்தி நுனியால் இரண்டு மூன்று கோடு இழுங்கள். அதற்கு மேல் இழுத்தால் கோலம் கலைந்து சாம்பல் நிறமாகும். இது ஐந்து நிமிடம் கூடுதலாக வேகும், பிரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

வட்டிலப்ப மணம் வேண்டுமென்றால் புதிதாக இடித்த ஏலக்காய் அரைத் தேக்கரண்டி, சாதிக்காய் ஒரு சிட்டிகை, சீனியில் 60 கிராமுக்குப் பதில் சீவிய கித்துள் கருப்பட்டி. முழுச் சீனியையும் கருப்பட்டியாக மாற்றினால் தோல் வராது, நிறமும் மங்கும். சீவியதை முட்டையோடு அடித்துக் கரைக்க வேண்டும், கட்டியாக விட்டால் கட்டியாகவே கிடக்கும். கித்துள் பாணியைக் கலவையில் ஊற்றாமல் பரிமாறும்போது மேலே ஊற்றுங்கள். புதுத் துருவல் தேங்காய் இந்த வெக்கையில் அடுத்த நாளே சளித்துப்போகும், விற்கிறவர்கள் உலர் தேங்காய்த் துருவலோடு நிற்பது நல்லது. மாம்பழம், வாழைப்பழம் இரண்டும் தண்ணீர். அவற்றைத் தட்டில் பக்கத்தில் வைத்துச் சாப்பிடலாம். கொஞ்சம் இன்ஸ்டன்ட் கோப்பி, ஒரு தேக்கரண்டி அளவு, உருகிய பட்டரில் கலந்தால் கோப்பி மணக்காது, சொக்லேட் கனக்கும்.

கனாஷ் பூசுவதென்றால் சொக்லேட் இரண்டு பங்கு, கிரீம் ஒரு பங்கு. குளிர்நாட்டுச் செய்முறைகளின் சரிபாதி அளவு இங்கே ஓடும். கொக்கோ பட்டர் உருகுவது சுமார் 34 பாகையில், மட்டக்களப்பு மத்தியானம் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. மோட்டார் சைக்கிளில் அனுப்புகிற ஓடர்களுக்குக் கனாஷ் வேண்டாம் என்பது என் கட்சி. ஐசிங் சீனி தூவுவதும் மழைக்காலத்தில் அரை மணி நேரத்தில் கரைந்து காணாமல் போகும்.

வெட்டி, கட்டி, கொடுப்பது

சூட்டோடு வெட்டினால் நொறுங்கும். முழுசாக ஆறவிட்டு, ஒரு மணி நேரம் பிரிட்ஜில் வைத்து, சுடுநீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் ஒவ்வொரு வெட்டுக்கும் துடைத்துத் துடைத்து வெட்டுங்கள். இளஞ்சூட்டோடு பெட்டியில் மூடினால் மூடியில் நீர் கோத்துத் தோல் பிசுபிசுக்கும், கார்த்திகை மார்கழி மழையில் பூஞ்சணமும் வரும். வெளியே இரண்டு நாள், பிரிட்ஜில் ஒரு கிழமை, அவ்வளவுதான் நம்பலாம்.

இங்கே ஒரே தெருவில் எல்லாச் சமயத்து வாடிக்கையாளரும் இருப்பார்கள். மார்ஷ்மெலோவில் ஜெலட்டின் இருக்கிறது, அது பன்றியா மாடா என்று பெட்டியைப் பார்க்காமல் மேலே போட்டால் ஒரு வீட்டிலோ மறு வீட்டிலோ சங்கடம். ரம்மில் ஊறிய பிளம்ஸ் நத்தாருக்குச் சரி, முஸ்லிம் ஊரான காத்தான்குடி ஓடருக்குச் சரியில்லை. பிளம்ஸைத் தோடம்பழச் சாற்றில் ஊறவைத்துப் பிழிந்து போட்டால் எல்லாருக்கும் ஆகும். முட்டை இருக்கிறது என்பதையும் எழுதிவிடுங்கள், வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிடுகிறவர்கள் கேட்கும் முன்பே. கஜு, கச்சான் சேராதவர்களும் உண்டு, அந்தத் தட்டுக்கு ஒரு கத்தி, மற்றத் தட்டுக்கு வேறு கத்தி வைத்துக்கொள்ளுங்கள்.