சென்னையிலிருந்து சிங்கப்பூர்: விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

இரு ஊர்களுக்கு இடையிலான வான்வழித் தூரத்தைக் கணக்கிட அவற்றின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் போதும். கைப்பேசி வரைபடத்தில் விமான நிலையத்தின் மேல் விரலைச் சற்று அழுத்திப் பிடித்தால் இரண்டும் கிடைத்துவிடும். சென்னை விமான நிலையம் வடக்கே 13.0 பாகையிலும் கிழக்கே 80.2 பாகையிலும் உள்ளது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வடக்கே 1.4, கிழக்கே 104.0 பாகையில் உள்ளது.

அட்சரேகை வேறுபாடு 11.6 பாகை. ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்பதால், தெற்கு நோக்கிய தூரம் சுமார் 1,288 கிலோமீட்டர் ஆகிறது. தீர்க்கரேகை வேறுபாடான 23.8 பாகையை 111 ஆல் பெருக்கியபின், இரு அட்சரேகைகளின் சராசரியான 7.2 பாகையின் கோசைன் மதிப்பாகிய 0.992 ஆல் மீண்டும் பெருக்க வேண்டும். ஏனெனில் நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக, தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. கிழக்கு நோக்கிய தூரமாக 2,621 கிலோமீட்டர் வரும். பள்ளியில் படித்த பிதாகரசு தேற்றம் இங்கே கைகொடுக்கிறது: இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் கண்டால், விடை சுமார் 2,920 கிலோமீட்டர்.

நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஊர்களுக்குத்தான் இந்த எளிய வழி பொருந்தும். டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது வடதுருவப் பகுதியை ஒட்டிச் செல்லும். தட்டையான வரைபடம் இதைக் காட்டாது.

விமானங்கள் நேர்கோட்டில் அல்லாமல் வகுக்கப்பட்ட வழித்தடங்களில் பறப்பதால், தூரத்தை 3,000 கிலோமீட்டராகக் கொள்வது நல்லது. மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடக்க மூன்றரை மணி நேரம் ஆகும். மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு; ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும் நேரம் பிடிக்கும். ஆகவே அரை மணி நேரத்தைக் கூட்டினால் நான்கு மணி நேரம் என்றாகிறது. எதிர்க்காற்று இருந்தால் இன்னும் சிறிது கூடும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில், காற்று கிழக்கிலிருந்து வீசுவதால் போவதைவிடத் திரும்புவது எளிதாகலாம்.

பயணச்சீட்டைப் படிக்கும்போதுதான் பலரும் தடுமாறுகிறார்கள். அதில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊரின் கடிகாரப்படியே அச்சிடப்பட்டிருக்கும். சிங்கப்பூர் நேரமோ இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. இரவு 11.30க்குச் சென்னையில் ஏறி, காலை 6.00 மணிக்குச் சாங்கியில் இறங்குபவர் பறந்தது ஆறரை மணி நேரமன்று, நான்கு மணி நேரமே. திரும்பும்போது இது தலைகீழாகும்: அங்கே இரவு 8.00 மணிக்குப் புறப்பட்டு இங்கே 9.45க்கு இறங்கினால், பயண நேரம் நாலேகால் மணி.

வீட்டிலிருந்து கணக்கிடுவதானால், விமான நிலையத்தை மூன்று மணி நேரம் முன்னதாக அடைவதையும், இறங்கியபின் குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டிகளுக்கும் ஆகும் ஒரு மணி நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாலையில் செல்லும் நேரத்தைச் சேர்க்காமலேயே எட்டு மணி நேரம் ஆகிவிடும்.