பைக்குக்கு வேறு சைலன்சர் வாங்குவது எப்படி? முதல்முறை வாங்குபவர்களுக்கு

என் முதல் சைலன்சரை நான் தேர்ந்தெடுக்க எடுத்துக்கொண்ட நேரம் பத்து நிமிடம். கடை வாசலில் ஒரு பையன் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக் காட்டினான். அந்தச் சத்தத்தில் மயங்கி, என் கிளாசிக் 350-க்கு அங்கேயே மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை ஐந்தரைக்கு ஷிப்டுக்குக் கிளம்பினேன். எதிர்வீட்டு மாடியில் விளக்கு எரிந்தது, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை வீறிட்டது. மூன்றாம் நாள் எதிர்வீட்டுத் தாத்தா கூப்பிட்டு, "தம்பி, தெருமுனை வரைக்கும் தள்ளிட்டுப் போய் ஸ்டார்ட் பண்ணிக்கிறியா?" என்றார். கோபப்படாமல் கேட்டதுதான் உறைத்தது. 195 கிலோ வண்டியை இரண்டு வாரம் தள்ளினேன். அப்புறம் பழைய சைலன்சரையே திரும்ப மாட்டினேன்.

இரண்டாவது சைலன்சரை ஒழுங்காக வாங்கினேன். அதில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: எதற்காக மாற்றுகிறீர்கள்?

பழைய சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது, அல்லது கீழே விழுந்து நசுங்கிவிட்டது என்றால் மேலே படிக்கவே வேண்டாம். கம்பெனி சைலன்சரையே வாங்குங்கள். செகண்ட் ஹேண்டில் தேடிச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகள் பக்கம் போனால், உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், ஒருமுறை குலுக்கியும் பாருங்கள். புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி, அதாவது 'கேட்-கான்', உள்ளே இருக்கும் மாடல் என்றால் அதை அறுத்து எடுத்துவிட்டு வெறும் கூட்டை விற்பதுண்டு. அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மாதிரியான விலை உயர்ந்த உலோகங்கள் இருப்பதால் அதற்குத் தனிச் சந்தையே இருக்கிறது.

சத்தத்துக்காகவோ தோற்றத்துக்காகவோ எடை குறைக்கவோ மாற்றுகிறீர்கள் என்றால் சரி, மேலே படியுங்கள். பவர் கூடும் என்று நம்பித்தான் மாற்றுகிறீர்கள் என்றால் அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்கலாம். 150, 350 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டியில் சைலன்சரை மட்டும் மாற்றி, ஓட்டும்போது உணரக்கூடிய அளவுக்கு எதுவும் கிடைக்காது. சத்தம் கூடியதும் வண்டி வேகமாகப் போவதுபோலத் தோன்றும், அவ்வளவுதான். எடை குறைவது மட்டும் நிஜம். பழையதைக் கழற்றிக் கையில் தூக்கிப் பார்க்கும்போதே தெரியும்.

படி 2: பாகங்களின் பெயர்கள்

கடைக்காரர் பேசுவது புரிய வேண்டுமே. இன்ஜினிலிருந்து வளைந்து வரும் குழாய்க்குப் பெண்ட் பைப் என்று பெயர். அது இன்ஜினைத் தொடும் இடத்தில் ஒரு கேஸ்கெட் இருக்கும். பி.எஸ் 6 (புகை மாசு விதி) வண்டி என்றால் ஆக்சிஜன் சென்சார் ஒன்றும் இருக்கும், அதிலிருந்து ஒரு ஒயர் போகும். கேட்-கான் பெண்ட் பைப்பில் இருக்கிறதா, சைலன்சருக்குள் இருக்கிறதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் மாடலில் எங்கே என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பதிவில் இனி வரும் பாதி விஷயம் அதைப் பொறுத்ததுதான். கடைசியில் இருக்கும் உருளை எண்ட் கேன். அதன் வாயில் ஒரே ஒரு போல்ட்டில் நின்று சத்தத்தை அடக்கும் சின்னக் குழாய் டிபி கில்லர். நம்ம ஊர் மெக்கானிக்குகள் 'ஜாலி' என்றோ 'பேஃபிள்' என்றோ சொல்வார்கள்.

எண்ட் கேனை மட்டும் மாற்றினால் ஸ்லிப்-ஆன். பெண்ட் பைப்போடு சேர்த்து மாற்றினால் ஃபுல் சிஸ்டம். முதல்முறை வாங்குபவர் ஸ்லிப்-ஆனோடு நின்றுகொள்வது நல்லது. ஃபுல் சிஸ்டம் போட்டால் கேட்-கான் போய்விட வாய்ப்பு அதிகம். எரிபொருள் கலவையும் மாறும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு-வையும் தொட வேண்டி வரலாம்.

சைலன்சரின் வயிறு இரண்டு வகை. கம்பெனிச் சைலன்சர்கள் பெரும்பாலும் அறை அறையாகத் தடுத்திருக்கும். புகை ஒவ்வொரு அறைக்குள்ளும் முட்டி மோதித் திரும்பி வருவதற்குள் சத்தம் தன்னைத்தானே தின்றுகொள்ளும். வெளியில் வாங்கும் சைலன்சர்களில் பெரும்பாலும் ஓட்டை போட்ட நேர்க்குழாய் ஒன்று இருக்கும், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு திணித்திருப்பார்கள். சத்தத்தை உறிஞ்சுவது அந்தப் பஞ்சுதான். அது நாளாக ஆகக் கருகி, பொடியாகி, வாய் வழியே பறந்துவிடும். 'வாங்கினப்போ நல்லாத்தான் இருந்துச்சு, ஒரு வருஷத்துல தகரச் சத்தம் வந்துருச்சு' என்று சொல்பவர்களின் பிரச்சினை இதுதான். அதனால் கழற்றிப் புதுப் பஞ்சு வைக்கக்கூடிய மாதிரி ரிவெட்டோ போல்ட்டோ போட்ட எண்ட் கேனாகப் பாருங்கள். முழுக்க வெல்டு வைத்து மூடியதில் பஞ்சு போனால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

படி 3: சட்டம்

இதை எல்லோரும் கடைசியில் படிப்பார்கள், அதனால் நடுவில் வைத்திருக்கிறேன்.

இந்தியாவில் புது மோட்டார் சைக்கிளுக்கான ஒலி வரம்பு 80 சிசி வரை 75 டெசிபல், 80-லிருந்து 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. வரம்பை மீறிச் சத்தம் போடும் வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2)-ன்படி 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸும் மூன்று மாதம் போகும். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்த உரிமையாளருக்கு 182A பிரிவு தனியாக இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. இவையெல்லாம் 2019 திருத்தத்துக்குப் பிறகு வந்த தொகைகள்.

டெசிபல் கணக்கில் ஏமாந்துவிடாதீர்கள். 80-க்கும் 90-க்கும் பத்துதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆற்றலில் அது பத்து மடங்கு, காதுக்கே ஏறக்குறைய இரட்டிப்புச் சத்தம்.

"சார், இது இ-மார்க் சைலன்சர், போலீஸ் ஒண்ணும் பண்ண முடியாது" என்று கடையில் சொல்வார்கள். வட்டத்துக்குள் E எழுதி பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அந்த எண் ஒப்புதல் கொடுத்த நாட்டைக் குறிக்கும்: 1 என்றால் ஜெர்மனி, 3 என்றால் இத்தாலி. அது ஐரோப்பிய ஒப்புதல் முறை, அதுவும் குறிப்பிட்ட மாடலுக்கு, டிபி கில்லர் உள்ளே இருக்கும்போது மட்டும். தரமான பொருள் என்பதற்கு அது ஓர் அடையாளம், இங்கே கேஸ் போடுவதைத் தடுக்காது. தகரத்தில் E-ஐ அச்சடிப்பதும் பெரிய வித்தை இல்லை.

என் கருத்து: முதலில் உங்கள் வண்டிக் கம்பெனியின் ஆக்சசரி பட்டியலைப் பாருங்கள். அதில் உங்கள் மாடலுக்குச் சைலன்சர் இருந்தால் வாரண்டித் தொல்லை இல்லாத வழி அதுதான். இல்லையென்றால், கேட்-கானைத் தொடாத, டிபி கில்லர் உள்ள ஸ்லிப்-ஆன். வரம்பை மீறாது என்பதற்குப் பரிசோதனைச் சான்றிதழ் கேளுங்கள். 'ரேஸ் உபயோகத்துக்கு மட்டும்' என்று பெட்டியிலேயே எழுதியிருந்தால், அதை எழுதியவருக்கு விஷயம் தெரியும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: அளவெடுங்கள்

முதல் சைலன்சரில் நான் விழுந்த குழி இது. 'யுனிவர்சல், எல்லா வண்டிக்கும் சேரும்' என்றார்கள். அதன் வாய் 51 மில்லிமீட்டர். என் பெண்ட் பைப் அதைவிட ஒல்லி. நடுவில் ஒரு தகர வளையத்தைச் சுருட்டிச் செருகி கிளாம்பை முறுக்கினார்கள். நான்கு நாளில் அந்த இணைப்பைச் சுற்றி விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரி படிந்தது. புகை கசிகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆக்ஸிலேட்டரை விடும்போதெல்லாம் பட் பட்டென்று வெடித்தது. அதைப் பெருமையாக நினைத்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே போய், எரியாத பெட்ரோல் குழாய்க்குள் எரிந்ததில் வந்த வெடி அது.

ஒரு வெர்னியர் காலிப்பரை இரவல் வாங்குங்கள். இன்ஜின் ஆறிய பிறகு, சைலன்சர் சேரும் இடத்தில் குழாயின் வெளிவிட்டத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வாங்கப்போவதன் உள்விட்டம் அதற்குச் சரியாகப் பொருந்த வேண்டும். வளையம், ரெடியூசர் என்று ஆரம்பித்தாலே எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம் இணைப்பிலிருந்து தாங்கும் போல்ட் வரை உள்ள தூரம். சென்டர் ஸ்டாண்டை மடக்கினால் இடிக்குமா, பின்னால் உட்காருபவரின் கால் எங்கே வரும், சைடு பேக் உரசுமா என்பதையும் பாருங்கள். வீட்டில் புடவையோ துப்பட்டாவோ அணிந்து பின்னால் உட்காருபவர் இருந்தால் வெப்பத் தடுப்புத் தகடு இல்லாததை வாங்க வேண்டாம்.

படி 5: உலோகமும் ஒட்டுப் பெயரும்

மலிவானது சாதா இரும்பில் குரோம் பூசியது. சென்னை மாதிரிக் கடலோர ஊரில் இரண்டு மழைக்காலம் தாங்கினால் பெரிது. பரவாயில்லாதது 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். டைட்டானியம் லேசானது, விலை அதிகம், சூட்டில் நீலமும் ஊதாவுமாக நிறம் மாறும். கார்பன் ஃபைபர் அழகு, விழுந்தால் கீறலோடு நிற்காது.

கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கட்டும். 304 என்று சொன்னால் ஒட்டிப் பாருங்கள். வளைத்த இடத்திலும் வெல்டிலும் லேசாக இழுக்கலாம், மற்ற இடத்தில் ஒட்டக் கூடாது. பச்சக்கென்று ஒட்டினால் அது 304 இல்லை. 409 என்ற வகையாக இருக்கலாம். அதுவும் சைலன்சருக்குப் பயன்படும் ஸ்டெயின்லெஸ்தான், மோசமில்லை, ஆனால் 304 விலை கொடுக்க வேண்டாம்.

அக்ராபோவிச் ஸ்லோவேனியாவிலிருந்து வருவது, யோஷிமுரா ஜப்பான், எஸ்.சி புராஜெக்ட் இத்தாலி. அசல் பல பத்தாயிரங்களில் விற்கும். இரண்டாயிரத்துக்கோ மூவாயிரத்துக்கோ அந்தப் பெயர் தொங்கினால் நீங்கள் வாங்குவது ஸ்டிக்கர். பெயரே இல்லாத, வெல்டு சீராக ஓடியிருக்கும் உள்ளூர்த் தயாரிப்பு அதைவிட எவ்வளவோ மேல்.

படி 6: கடையில்

சென்னை என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றலாம். எந்த ஊரானாலும் உங்கள் வண்டியிலேயே போங்கள், காலையில் போங்கள். சத்தம் கேட்கும்போது மூன்று விஷயம் செய்யுங்கள். டிபி கில்லரை மாட்டச் சொல்லுங்கள், பல கடைகளில் கழற்றிவிட்டுத்தான் காட்டுவார்கள். முறுக்கச் சொல்லாதீர்கள், சும்மா ஐடிலில் ஓடட்டும். நீங்கள் பத்தடி பின்னால் போய் நில்லுங்கள். ஓட்டுபவர் சைலன்சருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார், ஹெல்மெட் வேறு. தெருவுக்குக் கேட்பது அவருக்குக் கேட்பதில்லை.

போனில் டெசிபல் ஆப் இருந்தால், பழைய சைலன்சரையும் புதியதையும் ஒரே தூரத்தில் ஒரே ஆர்.பி.எம்மில் அளந்து ஒப்பிடலாம். வாயிலிருந்து அரை மீட்டர், பக்கவாட்டில் 45 டிகிரி கோணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைச் சட்டத்தின் 80-உடன் ஒப்பிடாதீர்கள். அது ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து, வண்டி கடந்து போகும்போது எடுக்கும் அளவு. ஆப் உங்களுக்குச் சொல்லப்போவது பழையதைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்பதை மட்டும்.

கிளாம்ப், கேஸ்கெட், போல்ட் எல்லாம் பெட்டியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஜி.எஸ்.டி பில் வாங்குங்கள். வெல்டு விட்டால் மாற்றித் தருவார்களா என்பதைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

படி 7: மாட்டுவது

ஸ்லிப்-ஆன் என்றால் வீட்டிலேயே முடியும். இன்ஜின் முழுக்க ஆறட்டும். கிளாம்ப் போல்ட்டில் துருநீக்கி எண்ணெய் அடித்து அரைமணி விடுங்கள். இரும்போடு மல்லுக்கட்டினால் போல்ட் முறியும். சென்சார் ஒயர் அந்தப் பக்கம் போனால் அதை இழுக்காமல், முறுக்காமல் வேலை செய்யுங்கள். புதியதைச் செருகி எல்லா போல்ட்டையும் முதலில் லூசாக மட்டும் மாட்டுங்கள். சைலன்சர் தானாகத் தொங்கி எங்கே உட்காருகிறதோ அங்கே விட்டு, முதலில் கிளாம்ப், பிறகு தாங்கும் போல்ட் என்று இறுக்குங்கள். தலைகீழாகச் செய்தால் அதிர்வில் பிராக்கெட் விரிசல் விடும்.

ஸ்டார்ட் செய்யும் முன் மேலிருக்கும் கைரேகையைத் தின்னரோ ஸ்பிரிட்டோ தொட்டுத் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் சூட்டில் அந்த ரேகை உலோகத்திலேயே பொசுங்கிப் பதிந்துவிடும். முதல் ஓட்டத்தில் கொஞ்சம் புகையும் நாற்றமும் வரும், பயப்பட வேண்டாம். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி இறுக்குங்கள். இணைப்பில் கரி தெரிகிறதா என்று பாருங்கள்.

பழைய சைலன்சரை இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். வாரண்டி, எஃப்.சி, வண்டியை விற்பது என்று எதற்காவது அது திரும்பத் தேவைப்படும். லேசாக எண்ணெய் தடவி, இரண்டு வாயிலும் துணியைச் சுருட்டி அடைத்து வையுங்கள், இல்லாவிட்டால் குளவி கூடு கட்டும். திரும்ப மாட்டும்போது அந்தத் துணியை எடுத்துவிட வேண்டும். நான் ஒரு பக்கத் துணியை மறந்துவிட்டு அரைமணி நேரம் செல்ஃப் அடித்து, பேட்டரியைத் தீர்த்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்து, கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, என் பழைய லுங்கியின் ஒரு முனையைப் பிடித்து மெதுவாக வெளியே இழுத்தார்.