லீற்றருக்கு 35 கிலோமீற்றர்: ஆய்வுகூட எண்ணை வாசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் ஜப்பானியக் கார் ஒன்றைப் பார்க்கப் போனால், விலைக்கு அடுத்த கேள்வி "லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" என்பதுதான். பதிலாகக் கிடைக்கும் எண் அநேகமாக ஆய்வுகூடத்தில் எடுத்தது.

எந்த முறையில் எடுத்தது என்று கேட்காமல் விடுவதே பெரிய தவறு. டொயோட்டா ஆகுவா 2011 டிசம்பரில் வெளிவந்தபோது ஜப்பானின் பழைய சோதனை முறையான 10-15இல் லீற்றருக்கு 40 கிலோமீற்றர், அதற்கு அடுத்து வந்த ஜேசி08 முறையில் 35.4 என்று இரண்டு எண்கள் வந்தன. கார் ஒன்றுதான். 10-15 முறையில் இயந்திரம் சூடேறிய பிறகே அளவு தொடங்கும். ஜேசி08 குளிர்ந்த இயந்திர ஓட்டத்தையும் 25 வீதம் சேர்த்துக்கொள்ளும். இப்போது ஜப்பானில் டபிள்யூஎல்டிசி என்ற சோதனை முறை. அதில் எண் பெரும்பாலும் இன்னும் இறங்கும். ஒரு காரின் ஜேசி08 எண்ணை இன்னொரு காரின் டபிள்யூஎல்டிசி எண்ணோடு ஒப்பிட்டு வாங்காதீர்கள்.

தாங்கியிலிருந்து குறைந்த பெற்றோலை அளக்கிறார்கள் என்று நினைப்பதும் பிழை. கார் நின்ற இடத்திலேயே உருளைகளின் மேல் ஓடும். முன்னால் பெரிய விசிறி. திரையில் நகரும் வேகக் கோட்டை விட்டு ஏறக்குறைய மணிக்கு 2 கிலோமீற்றருக்கு மேல் விலகாமல் சாரதி ஓட்ட வேண்டும். புகை குழாய் வழியே போய்க் காற்றோடு கலக்க, அதன் மாதிரி பைகளில் சேரும். அதிலுள்ள காபனை அளந்து எரிந்த எரிபொருளைக் கணக்கிடுவார்கள். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வரும்.

காற்றும் தரையும் காரைத் தடுப்பதுபோல உருளை எவ்வளவு இறுக வேண்டும் என்பது வெளியே எடுத்த அளவு: சமதரையில் காரை வேகமாக்கி, நியூட்ரலில் விட்டு, வேகம் எப்படி விழுகிறது என்று பார்ப்பார்கள். இந்த அளவு தவறினால் மற்றதெல்லாம் தவறும். மிட்சுபிஷி 2016இல் ஒப்புக்கொண்ட முறைகேடு இதில்தான். அகலமான டயர் மாட்டி, கூரையில் சாமான் ரக் பூட்டிய காருக்கும் பழைய எண் பொருந்தாது.

கொழும்புக்காரர் மறக்கவே கூடாதது ஏ.சி. ஜேசி08, டபிள்யூஎல்டிசி இரண்டிலும் அது நிறுத்தியே இருக்கும். பாடசாலை விடும் நேரம் காலி வீதியில் பம்பலப்பிட்டியைத் தாண்டுவதற்குள், கார் நகராமலே ஏ.சி. எண்ணெய் குடித்துக்கொண்டிருக்கும். ஜேசி08இன் சராசரி வேகம் மணிக்கு 24.4 கிலோமீற்றர், உச்சம் 81.6. நெடுஞ்சாலையில் 100இல் போவதும் அந்தப் பாடத்தில் இல்லை.

நீங்களே அளக்கும்போது ஒரே பெற்றோல் ஷெட்டில், ஒரே பம்பில் தாங்கியை நிரப்பி, பம்ப் முதல் தடவை தானாகக் கட் ஆனதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் வாய்வரை நிரப்பினால் கணக்குக் கெடும். ஹைபிரிட்டில் பற்றரி ஏறியிருந்ததா இறங்கியிருந்ததா என்பதும் குறுகிய ஓட்டத்தின் எண்ணை மாற்றும். மூன்று தாங்கியாவது ஓட்டிப் பாருங்கள். கிடைத்த எண்களைக் கூட்டி வகுக்கவும் வேண்டாம். முதல் 100 கிலோமீற்றரில் லீற்றருக்கு 10 கிலோமீற்றரும், அடுத்த 100 கிலோமீற்றரில் லீற்றருக்கு 20 கிலோமீற்றரும் ஓடினால் சராசரி 15 அல்ல: 10 லீற்றரும் 5 லீற்றருமாக 15 லீற்றர் போயிருக்கிறது, 200ஐ அதனால் வகுத்தால் 13.3.