கடல் தெரியவேண்டுமென்றால் முதலில் கதிரையில் இருந்து பாருங்கள்

திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளியில் சித்தப்பா வீட்டு நீச்சல் குளத்தைச் சுற்றி அலுமினியச் சட்டம் அடித்து நுளம்பு வலை போட்டிருக்கிறது. சாய்மனைக் கதிரையில் சாய்ந்தால் கடலிலுள்ள புறாத்தீவு சரியாகக் குறுக்கே ஓடும் நடுச்சட்டத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். வலையை மாற்றினால் சரி என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். பிழை.

தொடுவானம் எப்போதும் பார்ப்பவரின் கண் மட்டத்தில்தான் தெரியும். சாய்ந்திருப்பவருக்கு அது ஏறக்குறைய மூன்றடி, நடுச்சட்டம் அடிப்பதும் பெரும்பாலும் அதே உயரத்தில்தான். அதனால் கடைக்குப் போக முதல், நீங்கள் வழக்கமாக இருக்கும் கதிரையில் இருந்துகொண்டு, கடல்கோடு எங்கே வெட்டுகிறதென்று ஒருவரைச் சோக்கால் கீறச் சொல்லுங்கள். நாங்கள் சட்டத்தை ஒன்றரை அடிக்கு இறக்கினோம், தீவு முழுதாக வந்துவிட்டது.

குத்துச்சட்டங்களில் மட்டும் அவசரப்படவேண்டாம். ஒன்றைக் கழற்றினால் மேலே ஓடும் பாரின் தாங்கலில்லாத நீளம் இரட்டிப்பாகிறது, அடிக்கு அதே பாரம் என்றால் அதே பார் 16 மடங்கு வளையும். ஆகவே மேற்பாரை ஆழம் கூடியதாக மாற்றிவிட்டே கீழே வெட்டவேண்டும், மூலைகளில் சாய்வாகப் போகும் தாங்கிகளில் கைவைக்கவே கூடாது. 2020 டிசம்பரில் புரேவிப் புயல் கரை கடந்தது இந்தப் பக்கத்தால்தான். அலுமினிய வேலை செய்யும் பாஸ் "ஒன்றும் செய்யாது" என்றாலும் அளவுகளை ஒரு பொறியியலாளரிடம் காட்டுங்கள்.

அப்புறம் வலை. கறுப்பு வாங்குங்கள், வெள்ளையும் வெளிர் சாம்பலும் வெயிலைத் திருப்பிக் கண்ணில் அடிக்கும், கறுப்பு வெயிலை விழுங்கிவிடுவதால் கண் அதைத் தாண்டிக் கடலுக்குப் போய்விடும். இத்தகைய குளக்கூடுகள் அதிகமுள்ள புளோரிடாவில் வழக்கம் 18×14, அதாவது ஓர் அங்குலத்துக்கு ஒரு பக்கம் 18 இழை, மறுபக்கம் 14. நுளம்புக்கு அது போதும். 20×20 பொடிப் பூச்சிகளையும் மறிக்கும், ஆனால் காட்சி மங்கும், காற்றும் குறையும். 2017இல் கிண்ணியாவை டெங்கு படுத்திய பாட்டைப் பார்த்தவர்களுக்கு, வலையே வேண்டாம் என்ற யோசனை வராது.

வலையைச் சட்டத்தின் காடியில், அதாவது நீளப் பள்ளத்தில் வைத்து ரப்பர் பீடிங்கை உருளையால் அழுத்தும்போது தோல் மேளம் மாதிரி இழுக்காதீர்கள், சட்டம் நடுவில் உள்ளே வளைந்து இடுப்பு வைத்துவிடும். கச்சான் அடிக்கும் நாட்களில் காற்று எழும்ப முதல், காலையிலேயே வேலையை முடியுங்கள். எட்டு மணிக்குப் பிளேன்டீ குடித்துவிட்டுத் தொடங்கிய அன்று, அரை ரோல் வலை குளத்துக்குள் போனது.

ஸ்குரூவில்தான் எனக்குச் செலவு. கடையில் "துருப்பிடிக்காது" என்று தந்தவை இரண்டு மாரியில் கசிந்து, சட்டம் நெடுகப் பழுப்புக் கோடு விட்டன. கடலுக்குப் பக்கத்தில் 316 தரத் துருவேறா எஃகே கேளுங்கள், காந்தம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதில் பயனில்லை, உப்புக்கு அவ்வளவு தாங்காத 304 தரமும் பெரும்பாலும் ஒட்டாது. எஃகும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் நேரே தொட்டுக்கொண்டால் அலுமினியம்தான் வெள்ளைப் பொடியாக அரிக்கும், இடையில் நைலோன் வாசர் போடுங்கள்.

பிறகு கிழமைக்கொரு தடவை ஹோஸால் நல்ல தண்ணீர் அடித்துவிடுங்கள். கறுப்பு வலையில் உப்புப் படிந்தால் அதுவும் வெள்ளை வலைதான்.