பாசி தின்னும் மீன்கள்: வாங்கும்போதும் வளர்க்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, வண்ணமீன் கடையில் நின்று "தொட்டியில் பாசி பிடிக்கிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்டால், பெரும்பாலும் "ஒரு சக்கர் வாங்கிப் போடுங்க" என்ற பதில்தான் கிடைக்கும். சக்கர், அதாவது உறிஞ்சும் மீன், என்ற அந்த ஒரே பெயரில் குறைந்தது நான்கைந்து வகை மீன்கள் விற்கப்படுகின்றன. அவற்றில் ஒன்று ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டாது. இன்னொன்று ஒன்றரை அடி வரை வளரும். ஒன்று கூட்டமாக இருந்தால்தான் பிழைக்கும். மற்றொன்று வளர்ந்தபின் தன் இனத்தையே அண்டவிடாது. விற்கும் வயதில் எல்லாமே விரல் நீளக் குஞ்சுகள் என்பதால், வாங்குபவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. பல வகை மீன்கள் சேர்ந்து வாழும் பொதுத் தொட்டியில் பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி, இப்படி மீனைப் பார்க்காமல் பெயரைக் கேட்டு வாங்குவதிலிருந்தே வருகிறது.

கறுப்புக் கோடு இருந்தாலே போதும் என்று நினைப்பது

மூக்கிலிருந்து வால் வரை கறுப்புக் கோடு ஓடும் மெலிந்த மீன்களில்தான் குழப்பம் மிக அதிகம். இவற்றில் நாம் உண்மையில் தேடுவது சயாமீஸ் ஆல்கே ஈட்டர். தூரிகை மயிர்போல் இலையோரங்களில் முளைக்கும் கறுப்புப் பாசியைத் தின்னும் மிகச் சில மீன்களில் இது ஒன்று. இதனோடு கலந்து விற்கப்படுபவை ஃப்ளையிங் ஃபாக்ஸ், சைனீஸ் ஆல்கே ஈட்டர், காரா என்னும் பேரினத்தைச் சேர்ந்த சில மீன்கள் ஆகியவை.

கடைத் தொட்டியின் முன் அவசரப்படாமல் நின்று, மீன் கண்ணாடிக்கு அருகில் வரும்வரை காத்திருந்து, முதலில் கோடு எங்கே முடிகிறது என்று பாருங்கள். சயாமீஸில் அந்தக் கோடு வால் துடுப்புக்குள்ளும் புகுந்து, கவட்டையின் விளிம்பு வரை செல்லும். அதன் ஓரங்கள் ரம்பப்பல் போலச் சற்று ஒழுங்கற்றிருக்கும். கோடு வாலின் அடியிலேயே நின்றுவிட்டால் அது வேறு மீன். அடுத்து, கோட்டுக்கு மேலே பளிச்சென்ற பொன்னிறப் பட்டை ஒன்று ஓடுகிறதா என்று கவனியுங்கள். அந்தப் பட்டையும், கறுப்பும் வெள்ளையுமாக விளிம்பு கட்டிய துடுப்புகளும் இருந்தால் அது ஃப்ளையிங் ஃபாக்ஸ். சயாமீஸின் துடுப்புகளோ நிறமற்று, கண்ணாடி போலிருக்கும். மூன்றாவதாக மீசை. சயாமீஸுக்கு ஒரு ஜோடி, ஃப்ளையிங் ஃபாக்ஸுக்கு இரண்டு ஜோடி. குஞ்சுகளில் மீசையை எண்ணுவது கண்ணுக்கு வேலை வைக்கும் காரியம் என்பதால், கோட்டையும் துடுப்பையும் நம்புவதே நல்லது. கோட்டின் கருமையை மட்டும் வைத்து முடிவு செய்துவிடக் கூடாது. மிரண்டுபோன மீனில் அது வெளிறிக் கிடக்கும்.

சைனீஸ் ஆல்கே ஈட்டரை அடையாளம் காண வாயைப் பார்த்தாலே போதும். கண்ணாடியில் வட்டமாக அப்பிக்கொள்ளும் உறிஞ்சுவாய் அதற்கு உண்டு. சயாமீஸ் கண்ணாடியில் அப்பி நிற்பதில்லை, இலைமேல் துடுப்பை ஊன்றி ஓய்வெடுக்கும். வாய் எந்நேரமும் ஒட்டியிருப்பதால் மூச்சுக்கான நீரை இழுக்க, சைனீஸின் செவுளின் மேற்பகுதியில் தனியாக ஒரு சிறு திறப்பு இருக்கிறது. அந்த இடம் படபடவென்று இடைவிடாமல் துடிப்பதை வெளியிலிருந்தே காணலாம். பெயரில் சீனா இருந்தாலும் இதன் சொந்த ஊர் தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா பக்கத்து ஆறுகள். முழு மஞ்சளாக இருக்கும் தங்க நிற வகையும் இதே மீன்தான். நிறத்துக்கு மயங்கி வாங்குபவர்கள் நிறையப் பேர்.

குஞ்சாக இருக்கும்போது இந்த சைனீஸ் பச்சைப் பாசியை நன்றாகவே மேயும். வளர வளரப் பாசியின்மேல் நாட்டம் குறைந்து, மெதுவாக நீந்தும் அகன்ற உடல் மீன்களின் பக்கவாட்டில் ஒட்டி, அவற்றின் உடல்மேல் உள்ள வழுவழுப்பைச் சுரண்டத் தொடங்குகிறது. தங்கமீனும் ஏஞ்சல் மீனும்தான் இதற்கு எளிதில் அகப்படும். காலையில் விளக்கைப் போடும்போது தங்கமீனின் விலாவில் செதில் உதிர்ந்து, காசு அளவில் சிவந்த வட்டம் தெரிந்தால், நோய்க்கு மருந்து தேடுவதற்கு முன் தொட்டியில் சைனீஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இருபத்தைந்து சென்டிமீட்டரையும் தாண்டக்கூடிய இந்த மீனைப் பொதுத் தொட்டிக்கு வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

ஒன்றரை அடி மீனை இரண்டடித் தொட்டியில் விடுவது

டேங்க் கிளீனர் என்று விற்கப்படும், உடலெங்கும் கவசத் தகடுகளும் புள்ளிகளும் கொண்ட தென் அமெரிக்கக் கெளுத்திதான் இங்கே மிக மலிவாகவும் மிகுதியாகவும் கிடைப்பது. டெரிகாப்ளிக்திஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த இம்மீன் நாற்பது சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள வீட்டுத் தொட்டியில் விளிம்பு வரை நிரப்பினாலே 56 லிட்டர்தான் பிடிக்கும். மணலும் கல்லும் போக அதற்கும் குறைவு. அதற்குள் இந்த மீன் திரும்பிப் படுக்கவே இடமிருக்காது. போதாக்குறைக்கு, அது தின்னும் பாசியைவிடப் போடும் கழிவு அதிகம். நூல்நூலாகத் தரையெங்கும் கிடக்கும் அந்தக் கழிவிலிருந்து நைட்ரேட் ஏறி, அதுவே அடுத்த பாசிக்கு உரமாகிறது.

அதற்குப் பதிலாக, அதே குடும்பத்தின் பிரிஸ்டில்நோஸ் பன்னிரண்டு, பதினைந்து சென்டிமீட்டரோடு நின்றுவிடும். பாசியையும் ஒழுங்காகச் சுரண்டும். வளர்ந்த ஆணின் மூக்கின்மேல் கிளைவிட்ட மீசைமுட்கள் இருப்பதால் அடையாளம் எளிது. குஞ்சில் அவை இராது என்பதால் முதுகுத் துடுப்பைப் பாருங்கள். டேங்க் கிளீனருக்கு அது பாய்மரம் போல அகன்று, பத்துக்கும் மேற்பட்ட கதிர்களோடு நிற்கும். பிரிஸ்டில்நோஸுக்குச் சிறியது, கதிர்கள் ஏழெட்டுதான். பிரிஸ்டில்நோஸுக்கு உரசித் தின்ன மரக்கட்டை ஒன்று தொட்டியில் வேண்டும். நம் மாவட்டத்தில் கட்டைக்குப் பஞ்சமில்லைதான். ஆனாலும் ரப்பர், பலா போன்ற பால்மரங்களின் பச்சைக் கட்டையைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். நன்றாக உலர்ந்து, பட்டை நீங்கி, பல முறை கொதிக்க வைத்த கட்டைதான் உதவும்.

ஓட்டோ என்று விற்கப்படும் ஓட்டோசிங்க்லஸ் இவற்றில் மிகச் சிறியது, சாதுவானது, செடிகளுக்குத் தீங்கு செய்யாதது. ஆனால் பெரும்பாலும் ஆற்றிலிருந்து பிடிக்கப்பட்டு, வழியெல்லாம் பட்டினி கிடந்து கடைக்கு வருவது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அதன் அடிவயிறு நமக்கு நேராகத் தெரியும். வயிறு உருண்டிருந்தால் வாங்கலாம்; உள்வாங்கியிருந்தால் பரிதாபப்பட்டுக்கூட வாங்க வேண்டாம், பெரும்பாலும் பிழைக்காது. வாங்கினால் ஐந்தாறாகச் சேர்த்து வாங்க வேண்டும்.

எந்தப் பாசி என்று பார்க்காமல் மீனைத் தேடுவது

எல்லாப் பாசியையும் தின்னும் மீன் கிடையாது. புதுத் தொட்டியில் கண்ணாடியையும் மணலையும் தூசிபோல மூடும் பழுப்புப் படலத்தை ஓட்டோவும் பிரிஸ்டில்நோஸும் மேயும். பெரும்பாலும் சில வாரங்களில் அது தானாகவே மறைந்தும் போகும். கண்ணாடியில் பொட்டுப் பொட்டாக இறுகிய பச்சையை மீன்களால் பெயர்க்க முடியாது. நெரைட் நத்தையோ பழைய பிளாஸ்டிக் அட்டையோதான் வழி. நீரே பச்சையாகிவிட்டால் எந்தப் பாசிமீனாலும் பயனில்லை. தொட்டியைக் கறுப்புத் துணியால் மூன்று நான்கு நாள் முழுதாக மூடி, காற்று மோட்டாரை ஓடவிட்டு, பிறகு கொஞ்சம் நீர் மாற்றினால் பெரும்பாலும் தெளியும். நீலப்பச்சை நிறத்தில் வழுவழுப்பாகப் போர்வைபோல் படர்ந்து நாற்றமடிப்பது பாசியே அல்ல, பாக்டீரியா. அதை எந்த மீனும் தொடாது. குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டியதுதான்.

பாசி ஏன் வந்தது என்று கேட்காமல் மீன் வாங்குவதும் வீண்செலவே. திண்ணையிலோ கிழக்குப் பார்த்த சன்னலோரத்திலோ வெயில் விழும்படி தொட்டியை வைத்து, விளக்கையும் இரவு பத்து மணி வரை எரியவிட்டால், எத்தனை மீன் விட்டாலும் பாசி முந்திக்கொள்ளும். விளக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் எரிந்தால் போதும்.

பாசியே போதும் என்று பட்டினி போடுவது

இது அடிக்கடி நடப்பது. தொட்டி சுத்தமான பிறகும் மீனுக்குப் பசிக்கும் என்பதை மறந்துவிடுகிறோம். வெள்ளரிக்காயையோ சுரைக்காயையோ தோல் சீவி, வட்டமாக நறுக்கி, கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, ஆறியபின் ஒரு எவர்சில்வர் கரண்டியில் குத்தித் தரையில் மூழ்கவையுங்கள். விளக்கை அணைத்தபின் வைத்தால்தான் பகலில் ஒளிந்திருக்கும் கெளுத்திகளுக்குக் கிடைக்கும். காலையில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். நம் ஊர் வெக்கையில் அது சீக்கிரம் அழுகி நீரைக் கெடுக்கும். நேர்மாறான தவறும் உண்டு. மற்ற மீன்களுக்குத் தீனியை அள்ளிப் போட்டால், சயாமீஸ் மேலே வந்து அதையே தின்று பழகி, பாசியைத் திரும்பியும் பார்க்காது. வயது ஏற ஏற அதற்கு இந்தப் பழக்கம் கூடும்.

தொட்டி அமைத்த வாரத்திலேயே பாசிமீன் விடுவதையும் தவிர்க்க வேண்டும். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஓட்டோவுக்கு அதற்கு மேலும் பொறுத்தால்தான் மேய்வதற்கு ஏதாவது இருக்கும்.

நீரையும் மழைக்காலத்தையும் கணக்கில் கொள்ளாதது

நம் மாவட்டத்தில் எல்லா ஊர் நீரும் ஒன்றல்ல. கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண் கிணறுகளில் நீர் பெரும்பாலும் மென்மையாகவும் சற்று அமிலத்தன்மையோடும் இருக்கும். ஓட்டோவும் பிரிஸ்டில்நோஸும் அதில் நன்றாக இருக்கும். ஆனால் நெரைட் நத்தையின் ஓடு அரிக்கப்பட்டு வெள்ளையாகும். கடலோர ஊர்களின் உப்பும் கடினமும் மிகுந்த நீருக்குக் கறுப்பு மோலி மீன் ஏற்றது. கூட்டமாக விட்டால் மென்பாசியை அதுவே கொறித்துக்கொண்டிருக்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் ஒரு நாள் திறந்து வைத்த பிறகே பயன்படுத்துங்கள். பாசியைக் கொல்லும் மருந்துகளில் செம்பு கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இறாலும் நத்தையும் உள்ள தொட்டியில் அது விஷம்.

சயாமீஸ் போன்றவை ஓடும் நீருக்குப் பழகியவை. ஆக்சிஜன் குறைந்தால் முதலில் தவிப்பவை இவையே. ஆடியிலும் ஐப்பசியிலும் காற்றடித்து, தென்னை மட்டையோ ரப்பர் கிளையோ கம்பியில் விழுந்து மின்சாரம் போவது நமக்குப் புதிதல்ல. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது பல ஊர்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. பேட்டரியில் ஓடும் சிறு ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது தேவையில்லாத செலவல்ல. சயாமீஸ் நன்றாகத் துள்ளும் என்பதால் தொட்டிக்கு மூடியோ வலையோ அவசியம்.

வளர்ந்த மீனைக் குளத்தில் விடுவது

தொட்டிக்குள் அடங்காத டேங்க் கிளீனரைக் கொல்ல மனமில்லாமல் குளத்திலோ கால்வாயிலோ விட்டுவிடுபவர்கள் உண்டு. மனசு இளகிச் செய்வதுதான், ஆனால் மேலே சொன்ன எல்லாத் தவறுகளையும்விட இது பெரியது. மற்றவற்றில் நட்டம் நம் தொட்டியோடு போகும். இந்தக் கெளுத்தி காற்றையும் விழுங்கி மூச்சுவிடும் என்பதால் நீர் வற்றிய சேற்றிலும் பிழைக்கும். முட்டையிடுவதற்காகக் கரையில் வளை தோண்டும். அதனால் குளக்கரை அரிக்கும். முள்ளும் கவசமும் உள்ள உடல் வலையைக் கிழிக்கும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நீர்நிலைகளில் இது ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்தவை. நம் குளங்களோ கால்வாய்களால் ஒன்றோடொன்று இணைந்தவை. ஒரு குளத்தில் விட்டது அங்கேயே நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

பெரிதாகிவிட்ட மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பாருங்கள். பல கடைகளில் பணம் தராவிட்டாலும் மீனை எடுத்துக்கொள்வார்கள். பெரிய சிமென்ட் தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுக்கலாம், அது வெளிநீரோடு கலக்காத தொட்டியாக இருக்கும்வரை. வாங்கும் நாளிலேயே, "வளர்ந்தால் திரும்ப எடுப்பீர்களா?" என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள், இல்லை என்றால் பிரிஸ்டில்நோஸ் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.