அமெரிக்காவில் இறப்புச் சான்றிதழ் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹூஸ்டன் பக்கம் ஒரு தமிழ்க் குடும்பத்தில் இறப்பு நேர்ந்தால் சமைத்துக் கொண்டுவரவும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் நிறையப் பேர் வந்துவிடுவார்கள். காகித வேலைக்கு வருபவர்கள் குறைவு. அந்தக் குறைவானவர்களில் நானும் உண்டு. இப்போது இளையவர்கள் சிலர் இந்த வேலையை எடுத்துச் செய்கிறார்கள், மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் நாங்கள் இடறிய அதே இடங்களில்தான் அவர்களும் இடறுகிறார்கள்.

படிவத்தில் கையெழுத்து விட்டுப்போவது, ஐடி நகல் வைக்க மறப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை ஒரு போனில் சரியாகிவிடும். சரிசெய்ய மாதக்கணக்கில் அலைய வைப்பவற்றை மட்டும் சொல்கிறேன். நான் சொல்வது டெக்சாஸ் நடைமுறை. மற்ற மாநிலங்கள் மாறுபடும் சில இடங்களையும் குறிப்பிடுகிறேன்.

வீடு இருந்த கவுன்டியில் கேட்பது

அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் ஒரே பதிவகம் என்று எதுவும் கிடையாது. பதிவு மாநிலத்தின் பொறுப்பு. உள்ளூரில் அதைப் பார்த்துக்கொள்வது கவுன்டியாகவும் (மாநிலத்தின் உட்பிரிவு, நம் மாவட்டம் மாதிரி) இருக்கலாம், நகரமாகவும் இருக்கலாம். எங்கே உயிர் பிரிந்ததோ அந்த இடத்துப் பதிவகத்தில்தான் இறப்பு பதிவாகும். எங்கே குடியிருந்தார், எங்கே தகனம் நடந்தது என்பதெல்லாம் இதில் கணக்கில்லை.

சுகர் லேண்டில் இருப்பவருக்கு வீடு ஃபோர்ட் பெண்ட் கவுன்டி. நெஞ்சுவலி என்று டெக்சாஸ் மெடிக்கல் சென்டருக்குக் கொண்டுபோய் அங்கே இறந்தால் அது ஹாரிஸ் கவுன்டி. அதிலும் அந்த இடம் ஹூஸ்டன் நகர எல்லைக்குள் வருகிறது, நகரத்தின் சுகாதாரத் துறையிலேயே தனிப் பதிவகம் இருக்கிறது. கேட்டி என்ற ஊர் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என்று மூன்று கவுன்டிகளில் பரவிக் கிடக்கிறது. டாலஸ் பக்கமும் இதே கதைதான்: பிளேனோவில் வீடு என்றால் பெரும்பாலும் காலின் கவுன்டி, ஆஸ்பத்திரி டாலஸ் கவுன்டியில் இருக்கும்.

தப்பான இடத்தில் கேட்டால் ‘பதிவு கிடைக்கவில்லை’ என்று கடிதம் வரும். கட்டிய பணம் தேடியதற்கான கட்டணம், திரும்பி வராது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு இறப்பே பதிவாகவில்லை என்று நினைத்துக்கொண்டது. ஊரில் இருந்த தம்பி ஒரு வக்கீலைப் பிடித்து, ‘பதிவு இல்லை’ என்பதற்கு மாற்றாக என்ன தரலாம் என்று ஆலோசனை கேட்கும் அளவுக்குப் போய்விட்டார். பதிவோ பக்கத்துக் கவுன்டியில் பத்திரமாக இருந்தது.

எந்தக் கவுன்டி என்று குழப்பமாக இருந்தால் ஆஸ்டினில் உள்ள மாநிலப் பதிவகத்தில் கேளுங்கள். டெக்சாஸுக்குள் எங்கே நடந்த இறப்பானாலும் அங்கே இருக்கும். நியூ ஜெர்சியில் கவுன்டிக்குப் போகவே வேண்டாம், அந்தந்த ஊரின் பதிவாளர்தான். கனெக்டிகட்டில் டவுன் கிளார்க். நியூயார்க் நகரம் தன் பதிவுகளை மாநிலத்திடமிருந்து தனியாக வைத்திருக்கிறது. வர்ஜீனியாவில் சில நகரங்கள் எந்தக் கவுன்டியிலும் சேராதவை.

பெயரைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துவது இதுதான். எத்தனை தடவை சொன்னாலும் திரும்பவும் நடக்கிறது.

நாம் வாங்கப்போவது ஒரு பதிவின் நகல். அந்தப் பதிவை எழுதுவது கவுன்டி அலுவலர் இல்லை, இறுதிச் சடங்கை ஏற்பாடு செய்யும் ஃபியூனரல் ஹோம். குடும்பத்தில் ஒருவர் சொல்லச் சொல்ல அவர்கள் ஒரு படிவத்தை நிரப்புகிறார்கள். மருத்துவர் இறப்புக்கான காரணத்தைச் சேர்க்கிறார். பத்து நாளுக்குள் அது பதிவாக வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். தகனத்துக்கு முன் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது. அந்த இரண்டு நாளில்தான் எல்லாக் காகிதமும் குடும்பத்தின் முன்னால் வந்து விழும். அழுது களைத்த கண்ணோடு, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறார்கள். யாரும் படிப்பதில்லை.

இப்போது நம் பெயர்களை எண்ணிப் பாருங்கள். மகனைப் பார்க்க வந்த ஒரு பெரியவர். ஊரில் பட்டாவில் அவர் ‘மு. கந்தசாமி’. பாஸ்போர்ட்டில் கந்தசாமி என்பது பெயர், முத்துசாமி என்ற அவருடைய அப்பா பெயர் குடும்பப் பெயர். மகனுக்கோ குடும்பப் பெயர் கந்தசாமி. ஃபியூனரல் ஹோமில் இருப்பவருக்கு இது புரிய வழியே இல்லை. மகனின் குடும்பப் பெயர் கந்தசாமி என்றால் அப்பாவின் குடும்பப் பெயரும் அதுவாகத்தானே இருக்கும் என்று அவராகவே திருப்பிப் போட்டுவிடுகிறார். பெரியவர் ‘முத்துசாமி கந்தசாமி’ ஆகிவிடுகிறார். அதாவது அவருடைய அப்பா இறந்துபோனதாக ஆவணம் சொல்கிறது.

இதன் பலன் உடனே தெரியாது. சில மாதம் கழித்துக் கூடுதல் நகல் கேட்டு, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுதி விண்ணப்பிக்கும்போது, அந்தக் குடும்பப் பெயரில் தேடிப் பார்த்துவிட்டுப் பதிவு இல்லை என்று பதில் வரும். அதைத் தாண்டி நகல் கிடைத்து ஊருக்குப் போனாலும் தாசில்தார் அலுவலகத்தில் முதல் கேள்வி, “இது யாரோட பேரு?” வங்கியிலும் அதே கேள்வி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்து, விசாவில் பெயருக்கு முன்னால் ‘எஃப்என்யூ’ (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகியிருப்பவர்களுக்குச் சிக்கல் இன்னும் கூடும். அந்த மூன்றெழுத்தைப் பெயர் என்று நினைத்துச் சான்றிதழிலும் அடித்துவிடுவார்கள்.

பிறகு திருத்தலாம், ஆனால் அது பெரிய வேலை. கவுன்டி அலுவலகம் பெயரைத் திருத்தித் தராது. திருத்த விண்ணப்பம் ஆதாரங்களோடு மாநிலப் பதிவகத்துக்குப் போக வேண்டும். திருத்தம் ஏறிய பிறகு பழைய நகல்கள் எதற்கும் பயன்படாது, புதிதாக வாங்க வேண்டும். பழையதற்கு அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்ல அரசு தரும் உறுதிச்சான்று) வாங்கியிருந்தால் அதுவும் போச்சு. ஒரு அம்மா கணவரின் ஓய்வூதியத்துக்காக இப்படிக் காத்திருந்ததைக் கூட இருந்து பார்த்தேன். மாதா மாதம் மகனிடம் கேட்டார், மகன் என்னிடம் கேட்டார். மன்னார்குடியில் ஓர் அலுவலர் ஒத்துக்கொள்ளும் பெயருக்காக டெக்சாஸில் ஒரு வரிசையில் காகிதம் காத்துக்கிடந்தது. ஆரம்பத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து படித்திருந்தால் அந்த அம்மாவுக்கு இந்தக் கஷ்டமே இல்லை.

ஆகவே, தயவுசெய்து இதைச் செய்யுங்கள். பதிவுக்கு அனுப்பும் முன் வரைவைக் காட்டச் சொல்லுங்கள். இறந்தவரின் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். துக்கத்தில் இருப்பவர் வேண்டாம், வெளியிலிருந்து உதவ வந்த ஒருவர் படிக்கட்டும். பெயர்ப் பகுதியிலேயே ‘வேறு பெயர்கள் இருந்தால் சேர்க்கவும்’ என்று ஒரு வசதி அமெரிக்கப் படிவத்தில் உண்டு. பட்டா, வங்கிப் புத்தகம் இவற்றில் உள்ள இனிஷியலோடு கூடிய பெயரை அங்கே சேர்க்கச் சொல்லுங்கள். இந்த வசதி இருப்பதே பலருக்குத் தெரியாது.

அதே படிவத்தில் இன்னும் இரண்டு இடங்கள். தாயின் பெயரைத் திருமணத்துக்கு முன் இருந்தபடி கேட்பார்கள், அங்கே அவருடைய கணவர் பெயரைச் சேர்த்துவிடாதீர்கள். வசிப்பிடம் என்ற இடத்தில், விசிட்டர் விசாவில் வந்த பெற்றோருக்கு மகன் வீட்டு முகவரியைக் கொடுக்காதீர்கள். அவர் வசித்தது தஞ்சாவூர் என்றால் தஞ்சாவூர் முகவரிதான் வர வேண்டும். ஊரில் ரேஷன் கார்டோடும் ஆதாரோடும் ஒத்துப்பார்ப்பது அதைத்தான்.

மச்சானை விண்ணப்பிக்கச் சொல்வது

டெக்சாஸில் இறந்து 25 ஆண்டு ஆகாத பதிவை யார் வேண்டுமானாலும் வாங்கிவிட முடியாது. கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, சட்டப்படியான பாதுகாவலர் அல்லது பிரதிநிதி என்று வரம்பு இருக்கிறது. நம் வீடுகளில் இந்த மாதிரி வேலைகளைத் தலையில் போட்டுக்கொண்டு செய்வது பெரும்பாலும் சித்தப்பா மகனோ நண்பரோதான். ஓடியாடுவது அவராக இருக்கட்டும், விண்ணப்பத்தில் பெயரும் கையெழுத்தும் உரிமை உள்ளவருடையதாக இருக்க வேண்டும். தபாலில் அனுப்பினால் நோட்டரி முன் கையெழுத்துப் போட வேண்டும். இதனால் ஊரில் இருப்பவரை விட அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ கேட்பதே சுலபம்.

கலிஃபோர்னியாவில் உரிமை இல்லாதவருக்கும் ஒரு நகல் கொடுப்பார்கள். ஆனால் அதன் மேலேயே தகவலுக்கு மட்டும், அடையாளத்துக்குச் செல்லாது என்று அச்சாகியிருக்கும். அதை நம்பி ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள்.

ஒரே ஒரு நகல் வாங்குவது

மாநிலப் பதிவகத்தில் முதல் நகல் 20 டாலர், கூடவே கேட்டால் அடுத்தடுத்தவை நகலுக்கு 3 டாலர். கஞ்சத்தனம் வேண்டாம்.

‘விசாரணையில்’ என்று இருக்கும் சான்றிதழை எல்லா இடத்துக்கும் அனுப்புவது

விபத்து, திடீர் மரணம் என்றால் மருத்துவப் பரிசோதகர் கைக்குப் போகும். ஆய்வு முடியும்வரை இறப்புக்கான காரணம் ‘விசாரணையில்’ என்று இருக்கும். வங்கிக் கணக்கு மாதிரி சில வேலைகளுக்கு அது போதும். காப்பீட்டு நிறுவனங்கள் இறுதிக் காரணம் கேட்கும். அதனால் முதலில் இரண்டு மூன்று நகல் மட்டும் வாங்கி, காரணம் ஏறிய பிறகு மீதியை வாங்குங்கள். ஃப்ளோரிடாவில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே காரணத்தோடு ஒன்று, காரணம் இல்லாமல் ஒன்று என இரண்டு வகைச் சான்றிதழ் உண்டு. எது வேண்டும் என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

ஜெராக்ஸ் எடுத்து நோட்டரி முத்திரை குத்துவது

டெக்சாஸ் நோட்டரிக்கு இறப்புச் சான்றிதழ் நகலை உறுதிசெய்யும் அதிகாரமே கிடையாது.

தூதரகத்தில் முத்திரை வாங்கினால் போதும் என்று நினைப்பது

பெரியவர்கள் இன்னும் இதைத்தான் சொல்லி அனுப்புகிறார்கள். இந்தியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்து அது 14 ஜூலை 2005 முதல் நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்கச் சான்றிதழ் இந்தியாவில் செல்ல, அதை வழங்கிய மாநிலத்தின் செயலாளர் அலுவலகம் தரும் அப்போஸ்டில் வேண்டும். டெக்சாஸுக்கு அது ஆஸ்டினில், ஓர் ஆவணத்துக்கு 15 டாலர். கலிஃபோர்னியாவில் இறந்தவரின் சான்றிதழுக்கு டெக்சாஸில் அப்போஸ்டில் கேட்டால் கிடைக்காது, நீங்கள் எத்தனை வருடம் இங்கே இருந்தாலும் சரி.

யார் கையெழுத்திட்ட நகல் என்பதையும் பாருங்கள். அப்போஸ்டில் தரும் அலுவலகம் அந்த அதிகாரியின் கையெழுத்தைத் தன் கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும். கோப்பில் இல்லாத உள்ளூர் அலுவலர் கையெழுத்து என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊருக்கு அனுப்பப்போகும் நகல்களை மட்டும் மாநிலப் பதிவகத்திலேயே வாங்கிவிடுவது என் வழக்கம். நியூயார்க் நகரச் சான்றிதழ் என்றால் நடுவில் நியூயார்க் கவுன்டி கிளார்க்கின் உறுதிச்சான்று என்று கூடுதலாக ஒரு படி இருக்கிறது, அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

தூதரகத்துக்குப் போக வேண்டிய வேலை வேறு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர் என்றால் அந்தப் பாஸ்போர்ட்டை ரத்து செய்ய வேண்டும், இறப்பை அங்கேயும் பதிவு செய்யலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவருக்கு அந்தப் பதிவு கிடையாது.

லேமினேஷன்

செய்யாதீர்கள். லேமினேட் செய்த சான்றிதழுக்கு அப்போஸ்டில் கிடைக்காது.